டவர் ஏறாதவருக்கு எதற்குப் பாதுகாப்புப் பயிற்சி?

கேள்வி இதுதான்: ராமநாதபுரம் அலுவலகத்தில் உட்கார்ந்து, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் உள்ள செல்போன் டவர்களுக்கு இன்ஜினியர்களை அனுப்புபவருக்கும் பாதுகாப்புப் பயிற்சி தேவையா?

கண்டிப்பாகத் தேவை. எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்வது அவர்தானே? ஹெல்மெட்டும் பெல்ட்டும் அதற்கு அப்புறம்தான்.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறியது. யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. டவர் வேலைக்கு அப்படி ஒரு சிக்னல் கிடையாது. "காத்து ஜாஸ்தியா இருக்கு சார்" என்று போன் வரும்போது, "சரி, இறங்குங்க" என்று சொல்ல வேண்டியவர் அலுவலகத்துக்காரர். பயிற்சியின் பாதி இந்த ஒரு பதிலைப் பழக்குவதுதான் என்பேன். "கொஞ்சம் பார்த்து முடிச்சிடுங்களேன்" என்பதும் ஒரு உத்தரவுதான், என்ன, மரியாதையாகச் சொல்கிறோம்.

இன்னொன்று தொடர்பு. தனுஷ்கோடி பக்கம் போனால் சில சமயம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எத்தனை மணிக்குப் பேச வேண்டும், பேசாவிட்டால் யார் போய்ப் பார்ப்பது என்பதை ஆள் கிளம்பும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஏறியிருப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் போன் அடிக்கவே கூடாது.

உப்புக்காற்றில் துருப்பிடித்த ஏணி என்று முந்தைய ரிப்போர்ட்டில் இருந்தால், அடுத்து போகிறவரிடம் அதைச் சொல்வதும் அலுவலகத்துக்காரர் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் (டவர் வேலைக்கான உத்தரவு) போடுபவரை முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள்.