பி.காம். முடித்து கணக்கு வேலை பார்க்கிறேன். நிரல் எழுதக் கற்க முதலில் சி, பைத்தான், ஜாவா – எதைப் படிப்பது?

பைத்தான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "சி படிக்காமல் வேறு எதைத் தொட்டாலும் அடித்தளமே இருக்காது" என்று யாரோ ஒரு சீனியர் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நானும் பி.காம்.தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் என்றால் டேலியும் எக்செலும்தான். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். ஓவர்லாக் தையலுக்கு ஒரு ரேட், பிளாட்லாக் தையலுக்கு ஒரு ரேட், அதுவும் ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும். யார் எத்தனை பீஸ் தைத்தார் என்று தினமும் ஷீட்டில் ஏறும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். தாமதமானால் திங்கட்கிழமை நாலு டெய்லர் பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள்.

எக்செலில் 'ரெக்கார்ட் மேக்ரோ' என்று ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு நாம் வழக்கம்போல வேலையைச் செய்தால், அதற்கான நிரலை அதுவே எழுதி வைக்கும். ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தினால் பார்க்கலாம். 1993 முதல் எக்செலுக்குள் இருக்கிற வி.பி.ஏ. மொழி அது. அந்த நிரலைப் படித்து, ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்துத்தான் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), இஃப் (இப்படியானால் இதைச் செய் என்பது) எல்லாம் எனக்குப் பிடிபட்டது. பிறகு மதியம் முழுக்க இழுக்கிற சம்பளக் கணக்கு டீ வருவதற்குள் முடிந்தது. முதலாளி வந்து பார்த்தார். "ஏந்தம்பி, பட்டனைத் தட்டுனாச் சம்பளம் வந்துருமா?" என்றார். கேட்டுவிட்டுக் கால்குலேட்டரை எடுத்துச் சிலருடைய கணக்கைத் தானே போட்டும் பார்த்தார். (நிரலைச் சோதிப்பது எப்படி என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான்.)

"வி.பி.ஏ. எல்லாம் ஒரு மொழியா" என்று கிளம்புகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு சனிக்கிழமை மேக்ரோ பாதியில் 'ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிட்டது. ஷீட் 32,767 வரிசைகளைத் தாண்டியிருந்தது. வி.பி.ஏ.வில் 'இன்டிஜர்' என்ற முழு எண் வகைக்கு 16 பிட்தான் இடம். கழித்தல் எண்களுக்கும் அதிலேயே பங்கு போக, 32,767-க்கு மேல் கொள்ளாது. அதைவிடப் பெரிய 'லாங்' வகைக்கு மாற்றியதும் ஓடியது. சி படித்தால்தான் நினைவகம் விளங்கும் என்பார்களே, அது எனக்கு டெய்லர் சம்பளத்தில் விளங்கியது. டர்போ சி-யில் படித்த பலர் 'இன்ட் என்றால் 2 பைட்' என்று இன்னமும் ஒப்பிக்கிறார்கள். அது பழைய 16 பிட் கம்பைலரின் (நாம் எழுதும் நிரலைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளின்) கணக்கு. இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டரில் ஜி.சி.சி. என்ற கம்பைலரைப் போட்டுப் பார்த்தால் 4 பைட்.

பிறகு கோவையில் ஒரு நேர்காணல். ஐ என்ற மாறிக்குப் பின்னால் இரண்டு பிளஸ், முன்னால் இரண்டு பிளஸ், இரண்டையும் கூட்டினால் (i++ + ++i) சி மொழியில் என்ன வரும் என்று கேட்டார்கள். சி மொழியின் தரநிலை அந்தக் கணக்குக்கு எந்த விடையையும் வரையறுக்கவில்லை; கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். கேட்டவர் கையில் மட்டும் 'சரியான விடை' இருந்தது. மேக்ரோ எழுதுவேன் என்றதும் சிரித்தார்.

எனக்குச் சி மேல் கோபம் இல்லை. டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்த மொழியில்தான் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் திரும்ப எழுதப்பட்டது. நாம் போடுகிற வழக்கமான பைத்தானே சி-யில் எழுதியதுதான். ஆனால் நீங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதப் போவதில்லை. சப்ளையர்கள் ஏற்றிய இன்வாய்ஸ்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தருகிற ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் உங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டு, எந்த சப்ளையர் இன்வாய்ஸ் ஏற்றவில்லை என்று மாதாமாதம் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். அதையே முதல் பயிற்சியாக எடுங்கள். பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாள ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பு) கொண்டு இரண்டு எக்செல் கோப்புகளையும் திறந்து, ஜி.எஸ்.டி. எண்ணையும் இன்வாய்ஸ் எண்ணையும் வைத்துப் பொருத்தச் சில வரிகள் போதும். விடை சரியா என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் போன மாதம் கையால் போட்டிருப்பீர்கள்.

அப்படியானால் உங்களுக்கும் வி.பி.ஏ.வையே சொல்லலாமே என்பீர்கள். எக்செலை விட்டு வெளியே வந்தால் அதற்கு வேலை குறைவு. இன்னொன்று, தமிழ். வி.பி.ஏ. எடிட்டருக்குள் தமிழில் ஒரு பெயரை ஒட்டினால் வெறும் கேள்விக்குறியாகக் கொட்டும். பைத்தான் 3-இல் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு மேல் எங்கள் கம்பெனியில் பழைய ஆட்கள் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்துக் குப்பை. புதுப் பட்டியல் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில். ஒரே முருகேசன் இரண்டு முருகேசனாக நின்றார். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றாயிற்று. இன்றைக்கும் நோட்டீஸ் அடிக்கப் போனால் "பாமினில டைப் பண்ணிக் கொண்டாங்க" என்கிறார்கள்! கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஜாவாவில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.