கேக் வெட்டினால் ஆள் நிற்குமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். 9 பேர் பெண்கள். எல்லாரையும் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் நினைக்கிறேன். பிறந்தநாளுக்கு கேக், ஆயுதபூஜைக்குப் புதுத்துணி, தீபாவளிக்கு போனஸ் எல்லாம் உண்டு. காலை 9 மணிக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் அரைநாள் சம்பளம் பிடிப்பேன், அது ஒழுங்குக்காக. இரவு 9 மணிக்குக் கடை சாத்திவிடுவோம். ஆனாலும் பொங்கலுக்குப் பிறகு ஆறு பேர் நின்றுவிட்டார்கள். பாண்டியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து வகுப்பு நடத்தினால் சரியாகுமா?
– கடலூர் வாசகர்

பதில்: தாராளமாக நடத்துங்கள், முதல் பெஞ்சில் நீங்கள் உட்காருவதாக இருந்தால்.

வீட்டுப் பிள்ளை பத்து நிமிஷம் தாமதமாக எழுந்தால் யாரும் அரைநாள் சோற்றைப் பிடிப்பதில்லை. அதை விடுங்கள். வராத நேரத்துக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம். பத்து நிமிஷத்துக்கு அரைநாள் என்பது ஒழுங்கில் சேராது.

சரி, காலைக் கணக்கு அப்படி. ராத்திரிக் கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது? 9 மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவீர்கள். அப்போதுதான் அடுத்த வேலை ஆரம்பம். ஒரு கல்யாண வீட்டார் வந்து போயிருந்தால் ஐம்பது புடவை மேஜையில் பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பார்டர் பார்டரோடு சேர்த்து மடித்து, அட்டை வைத்து, விலைச்சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதே அலமாரியில் ஏற்ற வேண்டும். நீங்கள் கல்லா எண்ணி முடிக்கும்வரை யாரும் கிளம்ப முடியாது. நெல்லிக்குப்பம் பக்கம் போகிற பெண், பஸ் போய்விட்டதே என்று ஸ்டாண்டில் நிற்பாள். வீட்டில் போய் அதற்கும் பேச்சு வாங்குவாள். காலைப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடிக்கும் உங்கள் நோட்டுக்கு இரவு முக்கால் மணி நேரம் கண்ணில் படுவதில்லை. ஆறு பேர் போனதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. காலை 9 முதல் இரவு 9 வரை என்றால் ஓய்வு போக எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் கடையில் பணியாளர்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா? வாடிக்கையாளருக்குப் போட்டதைக் கேட்கவில்லை. 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழக அரசு சொல்லிவிட்டது. கேரளம் 2018-லேயே சொன்னது. நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டவளுக்கு கேக்கைவிட ஸ்டூல் இனிக்கும். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவளை முறைக்கவும் கூடாது. கழிப்பறையையும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஒன்பது பெண்கள் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்கு ஓடுகிறார்கள் என்றால் வகுப்புக்கு வைத்த பணத்தில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்பதால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழுவும் வைத்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் வேண்டும். உங்கள் மைத்துனர் வெளியாள் ஆகமாட்டார்.

பாண்டிக் கடைகள் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் சிலர் போகத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் பெரிய கடையில் ஒரு ஸ்டூல் வாங்கவே மேனேஜர், மேலாளருக்கு மேலாளர் என்று பேப்பர் போக வேண்டும். நீங்கள் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், இன்றைக்கே மாற்றலாம். வாடிக்கையாளர் எதிரில் “ராமர் பச்சை கேட்டா கிளிப்பச்சையை எடுக்கிறியே, கண்ணு தெரியலையா?” என்று கத்துவதையும் இன்றைக்கே நிறுத்தலாம். கத்துவதில்லை என்கிறீர்களா? உங்கள் கடைப் பெண்களிடம் கேட்டால் பதில் வராது, முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்?

நின்றுபோன ஆறு பேரிடம் கேளுங்கள். அவர்களுடைய கடைசி மாதச் சம்பளம் இன்னும் உங்கள் கல்லாவில் இருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.