ஹைஃபையில் நெட்வொர்க் இசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு சிடி பிளேயர் ஆகியவை என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. இணையத்திலிருந்தும் வீட்டு நெட்வொர்க்கிலிருந்தும் இசை கேட்கும் வசதியை இவற்றோடு சேர்க்க விரும்புகிறேன். பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரீமிங் வசதி உள்ளேயே அமைந்த புதிய ஆம்ப்ளிஃபயரை வாங்கும்படி பலரும் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நன்றாக இயங்கும் ஆம்ப்ளிஃபயரை இதற்காகக் கைவிடுவது வீண் செலவு. சில ஆண்டுகள் கழித்து இதே கேள்வியை நீங்கள் மறுபடியும் கேட்க நேரிடலாம்.

ஸ்ட்ரீமர் என்ற தனிக் கருவி ஒன்றை வாங்கிப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் போதும். ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை, அதுவும் சிடி பிளேயரைப் போன்ற ஒரு கருவிதான். நெட்வொர்க்கில் வரும் டிஜிட்டல் தரவை அது பெற்று, டிஏசி எனப்படும் டிஜிட்டல்–அனலாக் மாற்றியின் வழியே அனலாக் சிக்னலாக ஆக்கி, ஏறத்தாழ 2 வோல்ட் அளவில் வெளியே தருகிறது. ஆக்ஸ், ட்யூனர் என்று எழுதப்பட்ட இன்புட்களில் காலியாக இருக்கும் ஒன்றில் சாதாரண ஆர்சிஏ கேபிளால் அதை இணைத்தால் போதும். டேப் இன்புட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ரெக் என்று குறித்த துளைகளை விட்டுவிட்டு, பிளே என்று குறித்தவற்றில் செருக வேண்டும். ஃபோனோ இன்புட்டில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலைப் பல மடங்கு பெருக்குவதற்கும், இசைத்தட்டில் குறைத்துப் பதிவு செய்யப்பட்ட தாழ் ஒலிகளை மீண்டும் உயர்த்துவதற்கும் அமைந்த அந்த இன்புட்டுக்குள் 2 வோல்ட் சிக்னல் நுழைந்தால், ஒலி கேட்கச் சகிக்காத அளவுக்குச் சிதைந்துவிடும்.

ஸ்ட்ரீமரைத் தனிக் கருவியாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணம் ஆயுள். ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏற்பட்டால், கெபாசிட்டரையோ ரிலேயையோ மாற்றி, ஒரு நல்ல தொழில்நுட்பர் அதை இன்னும் பல ஆண்டுகள் ஓட வைத்துவிடுவார். ஸ்ட்ரீமரின் ஆயுளோ, அதன் மென்பொருளை யாரேனும் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார்களா என்பதைப் பொறுத்தது. 2015ஆம் ஆண்டில் கூகுள் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறிய கருவி பலருடைய பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு நெட்வொர்க் வசதியைக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில், கருவிக்குள் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் அந்தக் கருவிகள் திடீரெனச் செயலிழந்து, நிறுவனம் புதிய மென்பொருளை அனுப்பிய பிறகுதான் மீண்டும் இயங்கின. மின்சுற்றில் எந்தக் குறையும் இல்லாத ஒரு கருவி, ஒரு தேதி கடந்துவிட்டது என்பதற்காகவே வாய் மூடிக்கொண்டது. அது ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் பகுதியாக இருந்தால், அதைத் தனியே கழற்றி மாற்றவும் வழியிருக்காது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. லாஜிடெக் நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமர் கருவிகளின் தயாரிப்பை 2012ஆம் ஆண்டில் நிறுத்தியது. அவற்றுக்கான இணையச் சேவையையும் 2024ஆம் ஆண்டில் மூடியது. ஆனால் அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், தன்னார்வலர்கள் அதை லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் வளர்த்து வருகிறார்கள். பழைய ஸ்குவீஸ்பாக்ஸ்கள் இன்றும் பாடுகின்றன. ஆகவே வாங்குவதற்கு முன், தயாரிப்பாளரின் பழைய மாடல்களுக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் டிஏசி சிப்பின் பெயரைப் பெரிதாக அச்சிட்டிருப்பதைவிட அந்தத் தகவல்தான் உங்களுக்குப் பயன்படும். தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர் என்றால், ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு ஒரு டிஏசி பலகையைச் சேர்த்து, வாலுமியோ, மூட், பைகோர்பிளேயர் போன்ற மென்பொருள்களில் ஒன்றை நிறுவி நீங்களே ஒரு ஸ்ட்ரீமரை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே பழுதாகிவிட்டது, அல்லது இரண்டு பெட்டிகளை வைக்க இடமில்லை என்ற நிலையில் மட்டும் எல்லாம் ஒன்றாக அமைந்த கருவியைக் கருதலாம்.

கேள்வி: செல்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக அனுப்பினாலே பாட்டு வருகிறதே, தனியாக ஒரு ஸ்ட்ரீமர் எதற்கு?

பதில்: எப்போதாவது கேட்பதற்கு ப்ளூடூத் போதும். ஆனால் அதில் இசைத் தரவு கூடுதலாக ஒருமுறை சுருக்கப்படுகிறது. சிடியில் உள்ள ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் அளவுடையது. எல்லா ப்ளூடூத் ஒலிக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறை அதை வழக்கமாக 328 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. எல்டாக் போன்ற மேம்பட்ட முறைகள் 990 கிலோபிட் வரை செல்லும். ஆனால் அனுப்பும் கருவி, பெறும் கருவி ஆகிய இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும்.

ஒலித்தரத்தைவிட அன்றாடப் பயன்பாட்டில்தான் வேறுபாடு பெரிது. ப்ளூடூத்தில் இசை முழுவதும் செல்பேசியின் வழியே செல்வதால், அழைப்பு வந்தாலோ, செல்பேசியோடு வேறு அறைக்குப் போனாலோ பாட்டு அறுந்துவிடும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறைகளில் ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து நேரடியாக இசையைப் பெறுகிறது. செல்பேசி ரிமோட்டாக மட்டுமே இருக்கிறது. பாட்டைத் தொடங்கிய பின் செல்பேசியை அணைத்து வைத்தாலும் இசை தொடரும்.

கேள்வி: ஸ்ட்ரீமர் வாங்கிவிட்டேன். ஆனால் வைஃபையில் பாட்டு அடிக்கடி நின்றுபோகிறது. இணைய வேகத்தைக் கூட்ட வேண்டுமா? விலை உயர்ந்த நெட்வொர்க் கேபிள் போட்டால் ஒலியும் மேம்படும் என்கிறார்களே?

பதில்: இணைய வேகம் பெரும்பாலும் காரணமாக இருக்காது. சிடி தர இசைக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் அளவிலான பதிவைச் சுருக்காமல் அனுப்பினாலும் ஏறத்தாழ 9.2 மெகாபிட்தான் ஆகும். தடைபடுவது ரூட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் இடையிலான கடைசிச் சில மீட்டர்களில்தான். உலோகத் தகட்டாலான அலமாரிக்குள்ளோ, ஆம்ப்ளிஃபயரின் பின்னாலோ ஸ்ட்ரீமரை ஒளித்து வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும் என்றாலும், அக்கம்பக்கத்து ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ ரூட்டர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

முடிந்தால் ஈதர்நெட் கேபிளையே இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது சிரமமின்றி வேலை செய்யும். ஒருமுறை இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே மறந்துபோகும். அந்தக் கேபிள் சாதாரணமானதாக இருந்தால் போதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தரவு பொட்டலங்களாக வந்து சேருகிறது, ஏதேனும் ஒன்று சிதைந்தால் மறுபடி கேட்டு வாங்கப்படுகிறது, பிறகு நினைவகத்தில் சேமிக்கப்பட்டு ஸ்ட்ரீமரின் சொந்தக் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப டிஏசிக்குச் செல்கிறது. கேபிளின் விலை அந்த இலக்கங்களில் எதையும் மாற்றாது. ஸ்ட்ரீமரை இணைத்தபின் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் எழுந்தால் மட்டும், கருவிகளின் தரை (எர்த்) இணைப்புகளுக்கு இடையில் மின்சாரம் சுற்றிவரும் வளையம் ஏற்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள். தனி டிஏசி வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீமரிலிருந்து அதற்கு ஆப்டிகல் கேபிள் போட்டால், மின் தொடர்பே இல்லாததால் அந்த வளையம் அறுபட்டுவிடும்.

கேள்வி: என்னிடம் ஏறத்தாழ 600 சிடிக்கள் உள்ளன. இவற்றை நெட்வொர்க்கில் கேட்கும்படி மாற்ற முடியுமா?

பதில்: முடியும், அதுவும் தாராளமாகச் செய்ய வேண்டிய வேலை. ஸ்ட்ரீமிங் சேவைகளில் உரிமம் முடிந்ததும் ஆல்பங்கள் காணாமல் போகின்றன. உங்கள் கோப்புகளை யாரும் எடுத்துவிட முடியாது.

எம்பி3 வடிவத்தில் சேமிக்காதீர்கள். 2001ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் ஃப்ளாக் வடிவம், ஒரு பிட் கூட இழக்காமல் ஒரு சிடியைப் பெரும்பாலும் 300 முதல் 400 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். ஆகவே உங்கள் 600 சிடிக்கும் ஏறத்தாழ 250 கிகாபைட் இடம் போதும். சிடியிலிருந்து கணினிக்குப் பதிவெடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கீறல் விழுந்த இடங்களை அது திரும்பத் திரும்பப் படிப்பதோடு, அதே சிடியைப் பதிவெடுத்த மற்றவர்களின் முடிவோடும் அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தின் வழியே ஒப்பிட்டு, பிழையின்றி வந்திருக்கிறதா என்று சொல்லிவிடும்.

பொறுமை அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கோப்பிலும் பாடல், ஆல்பம், பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு ஆகிய டேக் விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். இணையத் தரவுத்தளங்களிலிருந்து இவை தாமாக வந்துவிடும் என்றாலும், தமிழ்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கோவை இருக்காது. ஒரே பாடகர் மூன்று விதமான எழுத்துகளில் பதிவாகி, செயலியில் மூன்று வெவ்வேறு ஆட்களாக நிற்பார். இரண்டு மூன்று கலைஞர்கள் சேர்ந்த தொகுப்புகளுக்கு ‘ஆல்பம் கலைஞர்’ என்ற டேக்கை நிரப்பாவிட்டால், ஒரே சிடி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். முதல் 10 சிடிக்களோடு நிறுத்தி, செயலியில் அவை எப்படித் தெரிகின்றன என்று பார்த்து, எழுத்துமுறையை முடிவு செய்த பின் மற்றவற்றைத் தொடங்குங்கள். 600 கோப்புறைகளைப் பிறகு திருத்துவது மனத்தைச் சோர்வடையச் செய்யும் வேலை.

கோப்புகளை நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்பகத்திலோ, ஸ்ட்ரீமரில் செருகிய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கிலோ வைக்கலாம். எதில் வைத்தாலும் இன்னொரு டிஸ்க்கில் முழு நகல் ஒன்றை எடுத்துத் தனியே வையுங்கள். ஒரே கோப்பு இரண்டிலும் தானாகவே பதியும்படி நாஸில் இரண்டு டிஸ்க்குகள் இருப்பதே நகல் ஆகிவிடாது; தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலிருந்தும் அது ஒன்றாகவே போய்விடும். மேடைக் கச்சேரிப் பதிவுகள் உங்களிடம் இருந்தால், ஸ்ட்ரீமர் இடைவெளியின்றி அடுத்த கோப்புக்கு நகருமா என்று வாங்குமுன்பே கேட்டறியுங்கள். கைதட்டலின் நடுவில் விழும் அரை நொடி மௌனம் ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இசைக்கான சந்தாவுக்குக் கூடுதலாகச் செலவிடலாமா?

பதில்: அந்தச் செலவுக்கு முன் ஸ்பீக்கர்களின் இடத்தைச் சரிசெய்யுங்கள். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவாகிறது. இந்த 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதிவு செய்யப் போதுமானது. மனிதச் செவியின் எல்லையும் அந்த 20 கிலோஹெர்ட்ஸ்தான். சில உயர்தரப் பதிவுகள் மேலும் நன்றாக ஒலிப்பது உண்மை; பெரும்பாலும் அவை புதிதாக, கூடுதல் கவனத்தோடு மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைத்தல்) செய்யப்பட்டிருப்பதே காரணம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து சற்று முன்னே நகர்த்துவது அதைவிடத் தெளிவாகக் காதுக்குத் தெரியும்.

கேள்வி: என் தந்தைக்கு 80 வயது. செல்பேசிச் செயலியை இயக்க அவரால் முடியாது. ஸ்ட்ரீமர் வந்தபின் அவர் பாட்டுக் கேட்பது குறைந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: நியாயமான கவலை. முன்பக்கத்திலோ ரிமோட்டிலோ ப்ரீசெட் பொத்தான்கள் உள்ள ஸ்ட்ரீமரைத் தேர்ந்தெடுங்கள். 1ஆம் பொத்தானில் அவர் விரும்பும் இணைய வானொலி, 2இல் அவருக்கென்று நீங்கள் தொகுத்த பாடல்கள் என்று பதிந்து வைத்தால், அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஸ்ட்ரீமர் எந்த இன்புட்டில் இருக்கிறது என்பதை ஆம்ப்ளிஃபயரின் குமிழருகே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஸ்ட்ரீமரின் வால்யூமை ‘ஃபிக்ஸட்’ என்ற அமைப்பில் வைத்துவிட்டால், அவர் பழகிய ஆம்ப்ளிஃபயர் குமிழே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும். சிடி பிளேயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.