பழைய டிராவல் ட்ரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் சிறு வீடு) வாங்கியிருக்கிறோம். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் புறப்படும் முன் ட்ரெய்லரிலும் இழுக்கும் வண்டியிலும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேட்டவர் தந்த விவரம்: சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். 5,000 பவுண்டு இழுக்கும் மூன்று வரிசை எஸ்யூவி. ட்ரெய்லருக்கு வயது ஆறு, காலி எடை 3,400 பவுண்டு. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஜூலையில் ஒரு வாரம்.

எடைக் கணக்கில் தொடங்குங்கள். மற்ற எதில் தவறினாலும் பயணம் கெடும், அவ்வளவுதான். எடை, டயர், பிரேக் மூன்றில் தவறினால் ஆளுக்கே ஆபத்து.

காலி எடை 3,400 என்று எழுதியிருப்பதை நம்பி இறங்காதீர்கள். பேட்டரி, சிலிண்டரில் உள்ள கேஸ், தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் அதில் சேராது. நான்கு பேருக்கு ஒரு வாரச் சாமான் ஏற்றினால் 4,150 ஆகிவிடும். 5,000-க்கு இன்னும் 850 இருக்கிறதே என்று தோன்றும். இடிப்பது அங்கே இல்லை. ட்ரெய்லரின் முன்பகுதி உங்கள் ஹிட்ச் (வண்டியின் பின்னால் ட்ரெய்லரைப் பிணைக்கும் அமைப்பு) மேல் இறக்கும் பாரத்தை டங் வெயிட் என்பார்கள். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். 12 சதவீதம் என்று வைத்தால் 4,150-க்கு 498 பவுண்டு. 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிகள் பலவற்றில் ஹிட்ச் தாங்கும் உச்சம் 500 தான். ஹிட்ச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆக நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்.

அடுத்து ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கும். 1,350 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நால்வரும் 450, டங் வெயிட் 498, ட்ரெய்லர் உட்காரும் இரும்பு உருண்டையை (பால்) தாங்கும் பால் மவுன்ட் 30. ஆயிற்று 978. மிச்சம் 370-க்குள்தான் டிக்கியில் கூலர், கூடாரம், கூரையில் பெட்டி எல்லாம். டங் வெயிட்டும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் ஏற்றியபின் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஒருமுறை எடை போடுங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு என மூன்று எண் தரும். ட்ரெய்லரைக் கழற்றிவைத்து, அதே ஆட்கள், அதே சாமானோடு வண்டியை மட்டும் மறுபடி எடை போடுங்கள். வண்டியின் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே டங் வெயிட். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் பாத்ரூம் தராசு போதும்: மூன்றடிக் கட்டையின் ஒரு முனையை அதே உயரமுள்ள செங்கல் மேலும் மறுமுனையைத் தராசு மேலும் வைத்து, செங்கல்லில் இருந்து ஓரடி தள்ளி ஜாக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை.

500-ஐத் தாண்டினால் முன்பக்கச் சாமானைப் பின்னால் தள்ளி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், ட்ரெய்லரின் மொத்த எடையையே குறையுங்கள். தண்ணீர் ஒரு காலன் 8.34 பவுண்டு. 40 காலன் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோனாலே 330 பவுண்டு குறையும். தொட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து டங் வெயிட்டும் மாறும், அதனால் காலித் தொட்டியோடு மறுபடி நிறுத்துப் பாருங்கள். சைக்கிள்களை ட்ரெய்லரின் பின் பம்பரில் மாட்டாதீர்கள். அச்சுக்குப் பின்னால் அவ்வளவு தள்ளித் தொங்கும் 100 பவுண்டு, முன்னால் டங் வெயிட்டைக் குறைத்துவிடும். டங் பாரத்தை முன் அச்சுக்கும் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வாங்கலாமா என்றால், முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சில எஸ்யூவிகளில் அது கூடாது என்றே எழுதியிருக்கும்.

ட்ரெய்லர் டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வெயிலிலும் நின்ற இடத்தில் நிற்பதிலும் உள்ளே பட்டை பிரிந்து வெடிக்கிறது. ஆறு வயதானால் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. காற்று, ட்ரெய்லர் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. ட்ரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி வகை டயர்கள் பல மணிக்கு 65 மைலுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஐ-15-ல் 80 போகலாம் என்று பலகை சொல்வது உங்களுக்கு இல்லை.

சக்கரம் கழற்றும்போதே பேரிங்கைத் திறந்து சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது. பழைய ட்ரெய்லர் என்றால் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுங்கள். அச்சு முனையில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அதில் கண்மண் தெரியாமல் அடிக்காதீர்கள். சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் ஷூ மேல் வழிந்து, அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இருக்காது. அரை அங்குல ஸ்டட் என்றால் நட்டுகளை 90 முதல் 120 அடி-பவுண்டுக்குள் டார்க் ரெஞ்சால் முறுக்கி, 10, 25, 50 மைலில் மறுபடி பாருங்கள்.

பிரேக். இந்த வகை எஸ்யூவிகள் பலவற்றில் விளக்குக்கான நாலு பின் (pin) பிளக் மட்டும்தான் வரும். ட்ரெய்லர் பிரேக்குக்கு ஏழு பின் பிளக்கும், ஓட்டுநர் இடத்திலிருந்து அந்த பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் ட்ரெய்லர் பிரேக் கட்டாயம். காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை கெயினை (ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும் வலுவின் அளவு) ஏற்றி, அங்கிருந்து சற்றுக் குறைத்து வையுங்கள். நெடுஞ்சாலையில் வாலாட்டினாலும் இதே லீவர்தான் கைகொடுக்கும்: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, லீவரை அழுத்துங்கள். கால் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வரும்.

ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானாகவே பிரேக் போடுவது பிரேக்அவே சுவிட்ச். அதைச் சோதிக்க, ஏழு பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முள்ளை உருவி, வண்டியை மெல்ல நகர்த்துங்கள். சக்கரம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் ட்ரெய்லர் பேட்டரி செத்திருக்கும், அல்லது சுவிட்ச் துருவேறியிருக்கும். சோதித்ததும் முள்ளை உடனே செருகுங்கள், இல்லாவிட்டால் பிரேக்கில் உள்ள மின்காந்தம் சூடேறும். அந்த முள்ளில் கட்டிய கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாமல், ரிசீவரில் தனியாக மாட்டுங்கள். சங்கிலிகளைக் கப்ளருக்கு (பால் மேல் உட்காரும் ட்ரெய்லரின் முன்முனை) அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளரைப் பூட்டிய பின் ஜாக்கைச் சில அங்குலம் ஏற்றுங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால்தான் பால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்க் குழாய்களில் குளிர்காலத்துக்கு ஊற்றிய இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் இருந்தால் அலசி வெளியேற்றுங்கள். பிறகு 15 காலனுக்குக் கால் கப் என்ற கணக்கில் வாசனையில்லாத ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வரவிட்டு, நாலு மணி நேரம் வைத்து, வாசம் போகும் வரை அலசுங்கள். குளிர்காலத்தில் வாட்டர் ஹீட்டருக்குத் தண்ணீர் போகாமல் திருப்பிவிட்ட பைபாஸ் வால்வை மறுபடி திருப்ப மறந்து, காலி டாங்கில் மின்சாரத்தைப் போட்டால் எலிமென்ட் அந்த நொடியே எரிந்துபோகும். சுடுதண்ணீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வரட்டும், அப்புறம் சுவிட்ச்.

வீட்டில் ட்ரெய்லருக்கென 30 ஆம்ப் பிளக் போடச் சொன்னால், துணி உலர்த்தும் மெஷினுக்கு என்று நினைத்து 240 வோல்ட் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. 30 ஆம்ப் ட்ரெய்லருக்கு 120 வோல்ட் மட்டுமே. செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள், இல்லையேல் ஒரே நொடியில் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர் எல்லாம் போய்விடும். கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு அலாரங்களின் பின்புறம் காலாவதித் தேதி இருக்கும். ஆறு வயது ட்ரெய்லரில் அவை பெரும்பாலும் மாற்றும் கட்டத்துக்கு வந்திருக்கும். கூரையில் வென்ட்டுகளைச் சுற்றிய சீலன்ட்டில் வெடிப்பு இருந்தால் அடைத்துவிடுங்கள்.

எல்லோஸ்டோனுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் இணைப்போடு கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் மட்டும். மேடிசன் போன்ற மற்ற இடங்களில் உங்கள் பேட்டரிதான் கதி. ஏரிப் பக்கம் 7,700 அடி உயரம். ஜூலையிலும் இரவில் குளிர் உறைநிலையை ஒட்டி வரும். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கேஸில் ஓடினாலும் அதன் விசிறி 7, 8 ஆம்ப் இழுக்கும். ஒரே ஒரு சாதா பேட்டரி இரண்டாம் இரவைத் தாங்காது. 12.1 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று கணக்கு. இணைப்பு உள்ள இடத்தில் கழிவறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், கெட்டி மட்டும் உள்ளே குவிந்து இறுகும்.

புறப்படும் முன் வார இறுதியில் ஒரு இரவு வீட்டு வாசலிலேயே ட்ரெய்லரில் தூங்குங்கள். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், கழிவறை எல்லாம் ஓடட்டும். விட்டுப்போன கேன் ஓப்பனர் முதல் ஒழுகும் குழாய் வரை அன்றே தெரிந்துவிடும்.

போகும் வழி ஐ-15-ல் ஐடஹோ ஃபால்ஸ், பிறகு யுஎஸ்-20. டிரான்ஸ்மிஷனை டோ மோடில் (இழுவைக்கான அமைப்பு) வையுங்கள். முதல் நிறுத்தத்தில் ட்ரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதியான ஒவ்வொரு ஹப்பிலும் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல் என்றால் அதன் பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது. திரும்பும்போது ஜாக்சனில் இருந்து மேப் டீட்டன் பாஸ் மலைப்பாதை வழியாகக் குறுக்கே அனுப்பப் பார்க்கும். கோடையில் தடை இல்லை, ஆனால் 10 சதவீதச் சரிவு. 4,000 பவுண்டை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் புகையும். ஆல்பைன் வழியாகச் சுற்றி யுஎஸ்-26-ஐப் பிடியுங்கள்.