அல்சேஷன் நாயின் வயிறு: கேள்வியும் பதிலும்

கொழும்பில் நாம் இன்றும் அல்சேஷன் என்று சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களின் தீனி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மிருக வைத்தியன் அல்லன். இந்த இனத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்தும் பழக்கியும் வருபவன். ஆகவே, வைத்தியர் பார்க்க வேண்டியதை வைத்தியரிடமே அனுப்புவேன்.

வெள்ளவத்தை: ஐயா, எங்கள் இரண்டு வயது ஆண் நாய்க்கு மலம் இறுகுவதே இல்லை. மூன்று மாதத்தில் நான்கு வகைத் தீனி மாற்றிவிட்டோம். எதுதான் ஒத்துவரும்?

நான்கு தீனி மாற்றியிருப்பதால், எது ஒத்துவரவில்லை என்பதை இப்போது எவராலும் சொல்ல முடியாது. புதிய தீனிக்குக் குடலும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் பழகுவதற்கு 7 முதல் 10 நாள் வேண்டும். அதற்குள் மலம் இளகினால் நாம் பையை மாற்றுகிறோம், மறுபடியும் இளகுகிறது, பழி தீனியின் மேல் விழுகிறது. முதலில் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குடற்புழுவும் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு, நாய் இதுவரை அதிகம் தின்றிராத ஒரே விலங்கின் புரதமும் மிதமான கொழுப்பும் கொண்ட தீனி ஒன்றைத் தெரிவுசெய்து, முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு, பின்னர் முக்கால் பங்கு என்று கூட்டி, முழுதாக மாறிய பின் எட்டு வாரம் அதையே கொடுங்கள்.

நாய்களின் உணவு ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாகக் காணப்படுபவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை. பையின் முன்புறத்தில் ஆட்டிறைச்சி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்புறத்துச் சேர்மானப் பட்டியலில் கோழி மாவும் இருக்கக்கூடும். கடைசி வரி வரை வாசியுங்கள். இந்த எட்டு வாரமும் தேநீர் வேளைக் கிரீம் கிறேக்கர், பாண் துண்டு, கருவாட்டுத் தலை எதுவும் கூடாது. வீட்டில் அம்மம்மா இருந்தால் இதுதான் மிகக் கடினமான பகுதி.

கல்கிசை: தினமும் அதிகாலையில் கடற்கரையில் அரை மணி நேரம் ஓட விடுகிறேன். விளையாட்டு நாய்களுக்கென்று விற்கும் தீனியைக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஏறத்தாழ 30 சதவீதப் புரதமும் 20 சதவீதக் கொழுப்பும் கொண்ட அத்தகைய தீனி, பனியில் வண்டி இழுப்பது போன்று நாள் முழுவதும் உழைக்கும் நாய்களுக்கானது. அரை மணி ஓட்டத்துக்கு அந்தக் கொழுப்பு மிகை. வயிறு இளகிய நாய்க்கு அதுவே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரலாம். 30 கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் சுமார் 900 கிலோ கலோரி வேண்டும். உங்கள் நாயைப் போன்று நடமாடுவதற்கு அதை 1.6 ஆல் பெருக்கினால் 1,440. 100 கிராமில் 380 கிலோ கலோரி உள்ள தீனியானால், நாளொன்றுக்கு 380 கிராம் அளவில் தொடங்கி, விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். சுண்டால் அளக்காமல் தராசில் நிறுங்கள்.

கொட்டாஞ்சேனை: அம்மா சம்பா அரிசிச் சோறும் அவித்த கோழியும் மட்டுமே கொடுக்கிறார். நாய் நன்றாகத்தான் இருக்கிறது. இது போதாதா?

வயிற்றோட்டத்தின்போது இரண்டு மூன்று நாளுக்கு, குழைய வேகவைத்த சோறும் தோல் நீக்கிய கோழியும் நல்ல உணவு. மாதக்கணக்கில் கொடுத்தால் அதுவே குறையாகும். இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்வதால், வெளியே நன்றாகத் தெரியும் நாய்க்குள் எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். துத்தநாகம், செம்பு, விற்றமின் ஈ ஆகியவையும் போதாமற் போகும். வீட்டுச் சமையல்தான் வேண்டுமென்றால், நாயின் எடையைச் சொல்லி வைத்தியரிடம் அளவுகளையும் சேர்க்க வேண்டிய தாது மருந்தையும் எழுதி வாங்குங்கள். கறிச் சட்டியில் மிஞ்சியது எதையும் கலக்க வேண்டாம்: வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைக் கலக்கும், அவித்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

தெஹிவளை: இரண்டு மடங்கு தின்றும் மெலிந்துகொண்டே போகிறது. மலம் சாம்பல் நிறமாக, எண்ணெய்ப் பசையுடன் குவியலாகப் போகிறது. சத்துக் கூடிய தீனி எது?

தீனியைத் தேடாமல் இந்த வாரமே வைத்தியரிடம் செல்லுங்கள். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமற் போகும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. நீங்கள் எழுதியவை அதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். டீஎல்ஐ என்னும் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். உறுதியானால், ஒவ்வொரு வேளை உணவிலும் நொதித்தூள் கலந்து கொடுக்க வேண்டும். விற்றமின் பி12 குறைந்திருந்தால் அதையும் தருவார்கள். பெரும்பாலான நாய்கள் மீண்டும் தேறுகின்றன.

பம்பலப்பிட்டி: மூன்று மாதக் குட்டிக்குக் காது நிமிர்வதற்காகக் கல்சியம் சிரப் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பெருநாய்க் குட்டிகளுக்கான முழுமையான தீனி கொடுக்கிறீர்களானால், ஒரு துளியும் வேண்டாம். குட்டியின் குடலால் மிகையான கல்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. அது உள்ளே சென்று எலும்பின் வளர்ச்சியைக் கோணலாக்கும். ஏற்கெனவே இடுப்பு மூட்டு பலவீனமான இனம் இது. பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் காது தொங்கும், நிமிரும். பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும்.

மட்டக்குளி: தானியம் இல்லாத தீனிதான் உயர்ந்ததா?

இல்லை. அரிசி இவற்றின் வயிற்றுக்கு நன்றாகச் செரிக்கிறது. தானியமற்ற தீனிக்கும் ஒருவகை இதயத் தசை நோய்க்கும் தொடர்புண்டா என்று அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய விசாரணை முடிவான காரணம் எதையும் நிறுவவில்லை. ஆனாலும் தேவையின்றி அதற்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?

வத்தளை: சாக்கிலிருந்து அவிழ்த்து நிறுத்து விற்கும் தீனி மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

நானும் ஒருகாலத்தில் வாங்கினேன். ஒரு மழைக்காலத்தில் என் பெட்டை நாய் நான்கு நாள் வாந்தியெடுத்த பிறகுதான், மிஞ்சிய தீனியை முகர்ந்து பார்த்தேன். பழைய எண்ணெய் வாடை. திறந்த சாக்கில், நம் ஊர் ஈரக்காற்றில், கொழுப்புக் கெட்டுப் பூஞ்சணமும் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் விடும் அஃப்லடொக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கும். ஒரு மாதத்துக்குள் முடியக்கூடிய சிறிய பையாக வாங்கி, வாளியில் கொட்டாமல் பையோடு மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள். திகதியும் தொகுதி இலக்கமும் பையில்தான் இருக்கின்றன.

தெமட்டகொடை: ஒரே வேளை கொடுத்தால் போதுமா?

இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ஆழ்ந்த மார்புள்ள இந்த இனத்தில் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே பெரிய வேளை அதைக் கூட்டும். சாப்பிட்டபின் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் தவித்தால், நள்ளிரவானாலும் விடியும் வரை காத்திராமல் கொண்டு செல்லுங்கள்.