அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதிகள் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்களா, கட்சியைப் பார்த்தா?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு 2023 ஏப்ரல் 7 தான் நினைவுக்கு வருகிறது. அன்று டெக்சாஸின் அமரில்லோ நகரில், குடியரசுக் கட்சியின் டிரம்ப் நியமித்த நீதிபதி மேத்யூ காஸ்மரிக், கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2000-இல் தரப்பட்ட அனுமதியை நிறுத்திவைத்தார். அதே நாளில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில், ஜனநாயகக் கட்சியின் ஒபாமா நியமித்த நீதிபதி தாமஸ் ரைஸ், 17 மாநிலங்களிலும் நாட்டின் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் அதே மாத்திரை அதுவரை போலவே கிடைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இதைப் பார்த்தால் எல்லாம் கட்சிதான் என்று தோன்றும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். காஸ்மரிக்கின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குப் போட்ட கருக்கலைப்பு எதிர்ப்பு மருத்துவர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று 2024 ஜூனில் ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதிய கேவனாவும் டிரம்ப் நியமித்தவர்தான். 2017-இல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சில நாட்டவர் அமெரிக்காவுக்கு வர டிரம்ப் போட்ட பயணத் தடையை நாடு முழுக்க நிறுத்திய சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட்டை நியமித்தது ஜார்ஜ் புஷ் (மகன்), புஷ்ஷும் குடியரசுக் கட்சிக்காரர்தான்.

'வரம்பு மீறும் நீதிமன்றம்' என்ற புகாரும் அணி மாறிக்கொண்டே இருக்கும். பேக்கரித் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரம்தான் வேலை என்ற நியூயார்க் சட்டத்தை 1905-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது கொதித்தவர்கள் முற்போக்காளர்கள். 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றபோது கொதித்தது தென் மாநிலப் பழமைவாதிகள்.

நீதிபதிக்கு ஒரு கொள்கை இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. என்னை வருத்துவது வேறு. அமரில்லோவில் ஒரே நீதிபதிதான் என்பதால், அங்கே சிவில் வழக்கு போட்டால் அது ஏறக்குறைய நிச்சயமாகக் காஸ்மரிக்கிடம்தான் போகும் என்று அப்போது எல்லா வழக்கறிஞருக்கும் தெரியும். அதாவது, வழக்குப் போடுபவரே தன் நீதிபதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். ஜனநாயகக் கட்சித் தரப்பும் சான் பிரான்சிஸ்கோ, ஹவாய் என்று சாதகமான ஊர்களைத் தேடிப் போகிறது, உண்மைதான். ஆனால் அங்கே நீதிபதிகள் பலர், யாரிடம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சரி, இதைத் திருத்த முயற்சியே நடக்கவில்லையா என்றால், நடந்தது. மாநிலம் அல்லது நாடு முழுவதையும் பாதிக்கும் வழக்குகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள் என்று 2024 மார்ச்சில் ஃபெடரல் நீதித்துறையின் கொள்கைக் குழுவே சொன்னது. அது வெறும் பரிந்துரை. அமரில்லோ அடங்கிய வட டெக்சாஸ் நீதிமன்றம் இப்போதைக்கு மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.