முன்பு தையல் போட்டதால் இம்முறையும் போட வேண்டுமா?

கேள்வி: தேவகோட்டை அருகே வசிக்கிறேன், வயது 31. முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவதில் கருப்பை வாயில் தையல் போட்டார்கள். நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தாள். இப்போது மீண்டும் 9 வாரம். காரைக்குடி மருத்துவர் தையல் அவசியம் என்கிறார். மதுரையில் ஸ்கேன் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறார்கள். முகப்புப் படிகூட இறங்கக்கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. இரண்டாவது கர்ப்பம் தையலோடு நிலைத்தது என்பது, தையலால்தான் நிலைத்தது என்பதற்குச் சான்றாகாது. ஒருமுறை கலைந்த பலருக்கு அடுத்தது தையலே இல்லாமல் நிறைமாதம் வரை வந்திருக்கிறது. முடிவைச் சொல்லப்போவது முதல் கர்ப்பம் கலைந்த விதம்தான்.

அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வலி ஏதுமின்றி, அடிவயிற்றில் கனமும் நீர்த்த வெள்ளைப்படுதலும் மட்டும் இருந்து, பரிசோதித்தபோது கருப்பை வாய் திறந்து பனிக்குடம் பிதுங்கியிருந்ததாக அதில் எழுதியிருந்தால், அது கருப்பை வாய்ப் பலவீனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் காரைக்குடி மருத்துவர் சொல்வதே என் கருத்தும்: 12 முதல் 14 வாரத்துக்குள், குழந்தை நன்றாக இருப்பதை ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, மீண்டும் தையல் போடலாம். மாறாக, காய்ச்சல், இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வந்த வலி ஆகியவற்றோடு கலைந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அந்நிலையில் 16 முதல் 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கருப்பை வாயின் நீளத்தை அளந்து, 25 மி.மீ.க்குக் கீழே போனால் தையலைப் பற்றி முடிவெடுப்பதே முறை. இந்த அளவைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில்தான் எடுக்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது இதற்குப் போதாது. இரட்டைக் குழந்தை என்று தெரிந்தால் கணக்கே மாறும், நீளம் குறைந்ததற்காக மட்டும் பொதுவாகத் தையல் போடுவதில்லை.

தேவையின்றிப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இது எளிய காரியமும் அன்று. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து போடப்படும் இத்தையலால், அரிதாக, கிருமித் தொற்றோ பனிக்குடம் உடைவதோ நேரலாம்.

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் படுத்தே இருப்பதால் கர்ப்பம் நிலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். வீட்டுக்குள் நடமாடலாம், படியும் இறங்கலாம்.

தையல் போட்டால் 36 அல்லது 37 வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அதற்கு முன்பே பிரசவ வலி தொடங்கினாலோ, நீர் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று காத்திராமல், பிரசவம் பார்க்கும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். தையல் போட்டிருப்பதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள்.